கிணற்றுக்குள் இருப்பவனிடம் என்ன சொல்வது

போன வாரம் திண்டுக்கல்லில் உங்களுக்கு நடந்த பயிற்சியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவன் நான்தான். தீயணைப்பு, ஆம்புலன்ஸ், போலீஸ் என்று மூன்று துறைக்கும் புதிதாக வந்தவர்களை ஒரே கூடத்தில் உட்கார வைத்து, மனம் குலைந்து உயிரை விடத் துணிந்து நிற்கும் ஒருவரை எப்படி அணுகுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் காலத்தில் இது கிடையாது. கிணற்றில் மாடு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு நன்றாகவே கற்றுத் தந்தார்கள். முதலில் கண்ணைக் கட்டு, வயிற்றுக்கு அடியில் பெல்ட்டைப் போடு, மிரள விடாதே, சத்தம் போடாதே. ஒரு மனிதன் தானாகவே கிணற்றுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு மேலே வரமாட்டேன் என்றால் அவனிடம் என்ன பேசுவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மாட்டுக்குக் கிடைத்த யோசனை மனுஷனுக்குக் கிடைக்காத காலம் அது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்களை நடித்துப் பார்க்கச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு தம்பி மேசை மேல் ஏறி நின்றுகொண்டு குதிக்கப் போகிறேன் என்றார். இன்னொரு தம்பி அவரிடம் பேசப் போனார். கொஞ்ச நேரம் ஏதேதோ சொல்லிப் பார்த்தும் மேசைக்காரர் மசியவில்லை. உடனே இவர், "எறங்கி வாங்கண்ணே, உங்கள யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க, எம் பிள்ள மேல சத்தியம்" என்றார். மேசைக்காரர் இறங்கிவிட்டார். கூடமே கைதட்டியது. டீ குடிக்கும்போது நான் அந்தத் தம்பியிடம் போய், பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டேன். "இன்னும் கல்யாணமே ஆகல சார்" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு டீக்குப் பிறகு என்னையும் மேடைக்குக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். பழைய தீ விபத்துக் கதைகள் இரண்டைச் சொல்லி ஒப்பேற்றிவிட்டு இறங்கிவிட்டேன். சொல்ல வேண்டியதை அங்கே சொல்லவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். முடிச்சுப் போடுவதையும் ஸ்ட்ரெச்சர் தூக்குவதையும் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது தங்கவேலு என்ற ஒருவனைப் பற்றி.

குஜிலியம்பாறைக்குக் கிழக்கே மழையை நம்பி வாழும் ஊர் ஒன்று. பேர் வேண்டாம். சோளத்தையும் கடலையையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பூமி. அங்கே கிணறுகளெல்லாம் பாறையை வெட்டி இறக்கியவை. ஆழம் அதிகம், தண்ணீர் அடியில் கொஞ்சம் கிடக்கும். அப்படி ஒரு கிணற்றின் பாதியில், பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்த கல்லின் மேல் தங்கவேலு உட்கார்ந்திருந்தான். நூல் மில்லில் வேலை பார்த்தவன். மில் ஓடும்போதும், ஓடாதபோதும் அவன் காதுக்குள் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். ஊரே சேர்ந்து உன்னை ஏமாற்றுகிறது, செத்துப் போ என்றார்களாம். வைத்தியம் பார்த்தார்கள். மாத்திரை கொடுத்ததும் தெளிந்தான். தெளிந்ததும், இனி எதற்கு என்று மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். நம் ஊர்களில் காய்ச்சல் மாத்திரையை அப்படித்தானே நிறுத்துகிறோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. ஆளுக்கொரு யோசனை, ஆளுக்கொரு செல்போன். "ஏலே தங்கவேலு, மானத்த வாங்காம மேல வாடா" என்று ஒருவர் கத்தினார். இதைக் கேட்டு யார்தான் மேலே வருவார்கள்?

எங்கள் நிலைய அலுவலர் சைரனை ஊர் எல்லையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். அவர் பேரையும் நான் எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதே பேப்பரில் பேர் வந்தால் முகத்தைச் சுளிப்பவர். பெரிய படிப்பாளி ஒன்றும் கிடையாது, முன்கோபி, சாப்பாட்டு ராமன். ஆனால் ஆபத்தான இடத்துக்கு அடுத்தவனை அனுப்பிவிட்டு மேலே நிற்கிற ஆளில்லை. அன்றைக்கும் அவர்தான் இறங்கினார். மேலே கயிறு பிடித்துக்கொண்டு நின்றது நான். அதனால் உள்ளே பேசியது முழுக்க எனக்குக் கேட்டது.

"அப்பு, நான் பயர் சர்வீஸு. மேல போவமா?"

"மேல வந்தா கட்டுவாய்ங்க."

"யாரு கட்டுவா?"

"எங்கண்ணன். போன தடவ மாட்டுக் கொட்டத்துல கட்டிப் போட்டுச்சு. அங்கயே சோறு, அங்கயே எல்லாம்."

"அதெல்லாம் கட்ட மாட்டாங்கப்பா."

"சத்தியமா?"

பொய்ச் சத்தியம் பிள்ளையைத் தாக்கும் என்று நம்புகிற ஊர்கள் இவை. கோயிலில் சூடம் அணைத்துச் சொல்லத் துணிகிறவன்கூடப் பிள்ளை தலையில் கைவைக்கத் தயங்குவான். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் கிணற்றுக்குள் இருப்பவன் அதைக் கேட்கிறான். அலுவலருக்கும் அந்த நம்பிக்கை உண்டு. இருந்தாலும் எதிரே ஒரு உயிர், காலுக்குக் கீழே பாறை.

"எம் பொண்ணு மேல சத்தியம். இப்ப உன் இடுப்புல போடுறேன் பாரு, இது உன்னத் தூக்குற கயிறு. இது தவிர வேற ஒரு கயிறு உம்மேல படாது."

தங்கவேலு எழுந்து நின்று இடுப்பைக் காட்டினான். நானும் கூட நின்ற இரண்டு பேரும் இழுத்தோம். சமத்தாகக் கல்லில் கால் வைத்து வைத்து மேலே வந்தான். அலுவலர் இன்னும் உள்ளேதான் இருந்தார், ஏறி வந்துகொண்டிருந்தார். தங்கவேலுவின் கால் தரையில் பட்டதுதான் தாமதம், அவன் அண்ணனும் சொந்தக்காரர்களும் பாய்ந்து அவனைக் கவிழ்த்துப் போட்டார்கள். வேறு கயிறு தேடி அவர்கள் போகவே இல்லை. எங்கள் கயிற்றிலேயே இரண்டு கையையும் பின்னால் வைத்துக் கட்டினார்கள். அதன் மறுமுனை அப்போதும் என் கையில் இருந்தது. விடுங்கய்யா, விடுங்கய்யா என்று கத்தினேன். அந்தக் கூட்டத்தில் யாருக்குக் கேட்கும்?

அலுவலர் மேலே வந்து பார்த்தார். அண்ணனின் சட்டையைப் பிடித்துவிட்டார். அந்த மனிதர் அசையவில்லை. "சார், நீங்க தூக்கிக் குடுத்துட்டு வண்டியேறிப் போயிருவீக. ராத்திரி இவங்கூட ஒரே வீட்டுல படுக்கிறவன் நான். எம் பொண்டாட்டி புள்ளைகள எங்க கொண்டுபோயி வைக்கட்டும், சொல்லுங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தம்பிக்கு ஊட்டி விட்டதும் அவர்தான், கட்டிப் போட்டதும் அவர்தான். கண்ணெல்லாம் சிவந்து, பல நாள் தூங்காத முகம்.  அலுவலர் சட்டையை விட்டுவிட்டார்.

மண்ணில் முகம் புதைந்து கிடந்த தங்கவேலு தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். சத்தமே போடவில்லை. "பொண்ணு மேல சொன்னீங்களே சார்" என்றான்.

மறுநாள் பேப்பரில் எங்களைப் பாராட்டிப் போட்டிருந்தது. சாதுரியமாகப் பேசி மீட்டார்களாம். நிலையத்தில் அந்தப் பேப்பரை அலுவலர் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தோம். சில நாள் கழித்து அவர் வீட்டம்மா எனக்குப் போன் போட்டார். "ஏம்ப்பா, அங்க என்ன நடந்துச்சு? பெத்த பொண்ணு மூஞ்சியவே பாக்க மாட்டேங்குறாரு. அவ தலவலின்னு படுத்தாக்கூட இவரு ராத்திரி முழுக்க முழிச்சுக் கெடக்குறாரு" என்றார். 

பிறகு அலுவலர் மருத்துவமனைக்குப் போய்த் தங்கவேலுவைப் பார்த்தார். நானும் கூடப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "வாக்குத் தப்பிட்டேன்ப்பா" என்றார். தங்கவேலு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். திரும்பி வரும்போது வண்டியில் அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "நான் உள்ள பேசிக்கிட்டு இருக்கையில, மேல அவங்க அண்ணன்கிட்ட ஒருத்தன் பேசியிருக்கணும்யா. கிணத்த மட்டும் பாத்துட்டோம்" என்றார். இதை நீங்கள் மறக்காதீர்கள். ஆபத்தில் இருப்பவனிடம் ஒருவர் பேசும்போது, அவனை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் வீட்டாரிடம் இன்னொருவர் பேசியாக வேண்டும். மேலே என்ன நடக்கும் என்று தெரியாமல் உள்ளே யாரும் எதற்கும் பொறுப்பேற்கக் கூடாது.

அடுத்த கோடையில் அதே ஊர், அதே கிணறு, அதே கல்.

இந்தத் தடவை அலுவலர் உடனே இறங்கவில்லை. முதலில் என்னைக் கொண்டு கூட்டத்தைக் களத்து மேட்டுக்கு அப்பால் அனுப்பினார். போக மாட்டேன் என்றவர்களைக் கொஞ்சம் திட்டித்தான் அனுப்பினேன், அந்த வேலை எனக்கு நன்றாக வரும். அதற்குள் அவர் மோட்டார் ரூம் நிழலில் அண்ணனோடு உட்கார்ந்து பேசினார். அதட்டவில்லை. கேட்டார். எப்போது தூங்கினாய், யார் உதவிக்கு இருக்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறாய் என்று கேட்டார். அந்த மனிதர் அழுதுவிட்டார். அதன் பிறகுதான் அலுவலர் கிணற்றில் இறங்கினார்.

அவரைப் பார்த்ததும் தங்கவேலு சொன்னது எனக்கு மேலே கேட்டது. "நீங்க போயிருங்க சார். வேற யாரையாச்சும் அனுப்புங்க. நீங்க பொய்யி."

நானாக இருந்தால் ஏறி வந்திருப்பேன். அவர் நாலு கல்லுக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டார். "ஆமாப்பா, பொய்யாப் போச்சு" என்றார். பிறகு ரொம்ப நேரம் பேச்சே இல்லை. எனக்குக் கை மரத்துப்போனது. உள்ளே புறா சிறகடிப்பது மட்டும் கேட்டது. கடைசியில் தங்கவேலுதான் பேசினான்.

"இப்ப மேல வந்தா கட்டுவாங்களா?"

"தெரியலப்பா. கட்டாதன்னு உங்கண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன். சரின்னுருக்காரு. அவரு மனசு மாறாதுன்னு என்னால சொல்ல முடியாது."

"ஆசுபத்திரில ஊசி போடுவாங்களா?"

"போடுவாங்க."

"எத்தன நாளு வச்சிருப்பாங்க?"

"அது டாக்டருக்குத்தான் தெரியும். நான் ஆசுபத்திரி வரைக்கும் உங்கூட வாரேன். உன்னப் படுக்க வைக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருக்கேன். அது மட்டுந்தான் என் கையில இருக்கு."

"சத்தியமா?"

"சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன் அப்பு. வந்தாப் பாத்துக்க."

 கிணற்று விளிம்பில் அண்ணன் நின்றார். வெறுங்கையை முன்னால் நீட்டிக்கொண்டு, தம்பி நிமிர்ந்து பார்த்தால் கண்ணில் படுகிற மாதிரி நின்றார். அலுவலர் அப்படி நிற்கச் சொல்லியிருந்தார். தங்கவேலு நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம், "கயிறக் குடுங்க" என்றான்.

யாரும் கட்டவில்லை. அலுவலர் பாசி அப்பிய உடுப்போடு ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அரை நாள் விடுப்பு சொல்லியிருந்தார். நான் ஞாபகப்படுத்தினேன். "காத்திருப்பாங்கய்யா. இவன் காத்திருக்க மாட்டான்" என்றார். பாசி நாற்றத்தோடு அவர் வீடு போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் கிளம்பி வாசலுக்கு வந்துவிட்டார்களாம். ஆனாலும் அந்த மாப்பிள்ளையே அமைந்தார், அது வேறு கதை.

அதன் பிறகு சில வருடம் நன்றாகத்தான் போனது. தங்கவேலு மாத்திரையை விடவில்லை. மில்லுக்குப் போகாமல் அண்ணனோடு காட்டு வேலை பார்த்தான். கடலை எடுத்தால் ஒரு பை பச்சைக் கடலையோடு நிலையத்துக்கு வருவான். அலுவலர் ஓய்வு பெற்றதும் அந்தப் பை அவர் வீட்டுக்குப் போனது. அவர் மாரடைப்பில் இறந்தபோது சுடுகாட்டில் தங்கவேலுவைப் பார்த்தேன். அண்ணனும் தம்பியும் வந்திருந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகும் அவன் நகரவில்லை, தீ நன்றாகப் பற்றுகிற வரைக்கும் நின்றான். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். "சாப்புடுறேண்ணே" என்றான். நானும் நம்பிக்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

தங்கவேலு மூன்றாவது தடவை கிணற்றில் இறங்கியபோது நானும் ஓய்வு பெற்றிருந்தேன். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவர், அன்று கிணற்றில் இறங்கிய இளைஞர். காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தார். அலுவலர் காலத்துக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர். நல்ல பையன். நிலையத்தில் நாங்கள் விட்டுப்போன கதைகளையெல்லாம் ஆசையாகக் கேட்டு வைத்திருந்தவர். தங்கவேலு அலுவலர் பேச்சைக் கேட்டு மேலே வந்தான் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் என்ன பேசினார் என்பதை மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஹீரோ கதையில் அதற்கெல்லாம் ஏது இடம்?

கிணற்றுக்குள் தங்கவேலு இவரைப் பார்த்துக் கேட்டிருக்கிறான்: "நீங்க யாரு? அந்த ஆபீசர் சார் எங்க?"

இவர் ஒரு கணம்தான் யோசித்தாராம். அந்தப் பேரைச் சொன்னால் ஆள் அமைதியாவான், கொஞ்ச நேரம் கிடைக்கும், அதற்குள் கீழே வலை கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்த இடத்தில் நின்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

"வந்துக்கிட்டே இருக்காருண்ணே. செத்த நேரத்துல வந்துருவாரு. அதுவரைக்கும் கல்லக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க."

தங்கவேலு அவரையே பார்த்துக்கொண்டிருந்தானாம். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லையாம்.

"தம்பி, நான் சுடுகாட்டுக்கு வந்திருந்தேன்" என்றான்.

அவ்வளவுதான். பிடித்திருந்த கல்லை விட்டுவிட்டான்.

செத்துப்போனவர் என்று தெரிந்தும் ஏன் கேட்டான்? இதை நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன். சோதித்துப் பார்த்தானா? இல்லை, அந்த நேரத்தில் நிஜமாகவே அவர் வருவார் என்று எதிர்பார்த்தானா? உங்களுக்கு வகுப்பெடுத்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனதில் இருக்க முடியும் என்றார். எனக்கு அது புரிந்தது. செத்துப்போன என் அண்ணனை நான்கூடச் சில நாள் டீக்கடையில் தேடியிருக்கிறேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் நானும் பிள்ளை மேல் சத்தியம் செய்கிறவன்தான். நல்லவிதமாகப் பேசியும் நம் கண்ணெதிரே போனவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஊரே உன்னை ஏமாற்றுகிறது என்று அவன் காதுக்குள் ஒரு குரல் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பொய்யாக்கத்தான் நாம் அங்கே போகிறோம். இரண்டு தடவை நாமே அதை மெய்யாக்கிவிட்டோம். 

அந்த இளைஞர் என் வீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கொடுத்த டீ ஆறிப்போனது. "என்னண்ணே சொல்லியிருக்கணும்?" என்று கேட்டார். அவர் வந்தது அதைக் கேட்கத்தான். ஆறுதல் சொல்லி அனுப்பிவிடலாமா என்று எனக்கும் ஆசை வந்தது. நீ ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை என்று சொன்னால் அன்றைக்காவது தூங்கியிருப்பார். அதுவும் ஒரு பொய்தானே. அதனால் யோசித்துச் சொன்னேன்.

"சார் செத்துட்டாருண்ணே, எனக்கு உங்களத் தெரியாது, ஆனா நான் வந்திருக்கேன், எறங்கி உக்காந்துக்கிறேன். இதச் சொல்லியிருக்கணும்ப்பா."

அவர் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார். வேலையை விட்டுவிடுவார் என்று பயந்தேன். விடவில்லை. இன்றும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறார். அவர் உங்களில் யாருக்காவது மேலதிகாரியாகக்கூட வரலாம்.

பயிற்சியில் கைதட்டிவிட்டு வந்த அன்று இரவு அவருக்குப் போன் போட்டேன். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். 

"பேரு மட்டும் வேணாம்ணே" என்றார். "நான் சொன்னத அப்படியே எழுதுங்க. தங்கவேலு அண்ணன் சொன்னதயும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.